பிரேக்கக்கா மேல் ஒரு பூனை வழக்கு

எங்கள் பகுதியில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்காவது கற்றுக்கொடுத்தவர் ஒரே ஆள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய உரிமத்தில் இருக்கிறது. வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. எல்லோருக்கும் அவர் பிரேக்கக்கா.

பயிற்சிக் காரில் பக்கத்தில் உட்காருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். மற்ற பயிற்சியாளர்கள் தொட்டதற்கெல்லாம் அதை மிதிப்பார்கள், கூடவே நாலு வசவும் விழும். அக்கா அப்படியில்லை. எதிரே லாரி வந்தாலும், "லாரி வருது, பாத்தியா? நல்லது. இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்பார். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் மட்டும், பூப்போல ஒரு மிதி. வண்டி நிற்கும். "சரி, மறுபடி கிளப்பு" என்பார். அவ்வளவுதான். நான் மூன்று மாதம் பழகினேன். ஒருநாள்கூட என்னைத் திட்டியதில்லை. திட்டும்படி நான் ஓட்டாத நாளும் இல்லை.

அவர் தொடக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் விண்ணப்பம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் பயிற்சியாளர் முதலாளியோடு சண்டை போட்டுச் சாவியை மேசையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். வாசலில் மூன்று பெண்கள் பாடத்துக்குக் காத்திருந்தார்கள். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் கூட்டிட்டுப் போகட்டுமா சார்?"

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஓட்டத் தெரியும். சொல்லிக்குடுக்கத் தெரியுமான்னுதான் தெரியலை. பாத்துடலாமே."

அன்றைக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்தான். பத்து வருடம் கழித்து அந்த ஸ்கூலை மூடியபோது, அந்தக் காரைத் தானே வாங்கிக்கொண்டு தனியாகத் தொழிலைத் தொடங்கினார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவர். "ஜனங்களை நான் மேலயும் கீழயும் அனுப்பறேன், இவ முன்னாலயும் பின்னாலயும் அனுப்பறா" என்பதுதான் அவர் அறிந்த ஒரே நகைச்சுவை. கேட்கிற நாங்களும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவைப்போம்.

பிராணிகள் விஷயம் அந்தக் காரால்தான் வந்தது. குளிர்காலத்தில் பூனைக்குட்டிகள் எஞ்சின் சூட்டுக்காகப் பானட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஏதோ தோன்றி அக்கா பானட்டைத் தட்ட, உள்ளேயிருந்து ஒரு குட்டி விழுந்தது. கிரீஸ் அப்பிய கரிக்கட்டை மாதிரி இருந்தது. அதற்கு கிளட்ச் என்று பெயர் வைத்தார். அதன்பின் வால் ஓயாத ஒரு நாய், வைப்பர். குரைப்பு ஓயாத ஒரு நாய், ஹாரன். அடிபட்டது, சாக்கடையில் விழுந்தது, கூரையில் ஏறி இறங்கத் தெரியாதது என்று எது மாட்டினாலும் போன் அக்காவுக்குத்தான் வரும். பாடம் நடந்துகொண்டிருந்தால் மாணவியையே அந்த இடத்துக்கு ஓட்டச் சொல்வார். குறுகிய சந்தில் திருப்பப் பழகினவர்கள் பலரும் நாய் தேடிப் போன வழியில்தான் பழகினார்கள்.

இனி வழக்குக்கு வருகிறேன். அதற்கு மூலகாரணம் நான்தான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பார்வை சோதித்து அளவு எழுதித் தருவது என் வேலை. எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய சோபாக் கடை. அதன் முதலாளி குடும்பத்தோடு வெளியூர் போனார். கதவில், 'பத்து நாள் விடுமுறை' என்று தாள் ஒட்டியிருந்தது. இரண்டாம் நாள் பார்க்கிறேன், கண்ணாடிக்குப் பின்னால், இளநீல சோபாவின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் பூனை நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. சத்தம் வெளியே வரவில்லை. எப்படியோ உள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்தேன். பாடத்தோடு பாடமாக வந்து சேர்ந்தார். கடைப் பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்தது. எங்கே அடித்தது தெரியுமா? அந்தக் கடைக்குள்ளேயே. பூனை காதை விடைத்துக்கொண்டு கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"சரியாப் போச்சு. பூனைதான் எடுத்துப் பேசணும்" என்றார் அக்கா.

அக்கம்பக்கத்தில் யாரிடமும் முதலாளியின் வேறு எண் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில், ஓனர் வந்து சொன்னால்தான் திறக்க முடியும் என்றார்கள். தீயணைப்பு நிலையத்தில், ஆள் யாராவது மாட்டினால் கூப்பிடுங்கள் என்றார்கள். ஒருவேளை யாராவது வந்து எடுப்பார்களோ என்று அக்கா அந்தக் கடை எண்ணுக்கே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பூனை சோபாவிலிருந்து இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை தலையைத் தூக்கவில்லை.

"வா" என்றார் அக்கா.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. உயரத்தில் ஒரு ஜன்னல், படுக்கைவாட்டில் கண்ணாடிப் பட்டைகள் செருகியது. கீழ்ப்பட்டை ஒன்று திறந்து கிடந்தது. பூனை நுழைந்தது அந்த வழியாகத்தான். அக்கா காரைப் பின்னோக்கி ஓட்டி ஜன்னலுக்கடியில் ஒட்டி நிறுத்தினார். கூரைமேல் ஏறி நின்று பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி என்னிடம் கொடுத்தார். ஒன்று கைநழுவி உடைந்தது. பிறகு தலையை உள்ளே விட்டார். தோள் போனது. இடுப்பு போகவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு.

"தள்ளு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்கக்கா தள்றது?"

"எது வெளிய இருக்கோ அதை."

தள்ளினேன். தொப்பென்று ஒரு சத்தம். நல்லவேளை, விழுந்தது சோபாமேல். கொஞ்ச நேரத்தில் ஒரு பைக்குள் பூனை வெளியே வந்தது. பின்னாலேயே, நாற்காலி போட்டு ஏறி, அக்காவும் வந்தார். மிச்சப் பட்டைகளை ஒழுங்காகத் திரும்பச் செருகினார். அக்கா பூனையை மடியில் வைத்துக்கொள்ள, அன்றைக்கு நான்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினேன்.

கடையைவிட்டு வெளியே வருமுன் அக்கா கல்லாமேல் ஒரு கடிதம் வைத்திருந்தார். அதுதான் வினை.

'ஐயா, உங்கள் கடையில் ஒரு பூனை பட்டினியாகக் கிடந்தது. போனில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. பின்ஜன்னல் வழியாக வந்து அதை எடுத்துப் போகிறேன். ஒரு கண்ணாடிப் பட்டை உடைந்துவிட்டது, விலை சொன்னால் தந்துவிடுவேன். நீல சோபாவைப் பூனை கீறியிருக்கிறது. பின்ஜன்னலுக்கடியில் கிடக்கும் சோபாமேல் இருப்பது என் செருப்புத் தடம். ஈரத்துணியால் துடைத்தால் போகும்.' கீழே பெயர், விலாசம், போன் எண்.

முதலாளி திரும்பி வந்து கதவைத் திறந்தார். பூட்டிய கடையில் ஒரு பூனை நாலைந்து நாள் இருந்தால் என்ன வாடை அடிக்குமோ அது அடித்தது. மூன்று சோபா நாசம். கையில் கடிதத்தோடு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். என்ன திருட்டுப் போனது என்று கேட்டிருக்கிறார்கள். அவர் இருந்த கோபத்தில், "அதான் பூனையை எடுத்துட்டுப் போனேன்னு அவளே எழுதியிருக்காளே" என்றிருக்கிறார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்: திருடப்பட்ட பொருள், பூனை ஒன்று.

அத்துமீறி நுழைந்தது, சேதப்படுத்தியது, திருடியது என்று மூன்று குற்றச்சாட்டு. தண்டனை என்று வந்துவிட்டால் பயிற்சி உரிமம் போய்விடும். அதோடு கால்நூற்றாண்டு உழைப்பும் போய்விடும்.

"நானும் கூட இருந்தேன்னு ஸ்டேஷன்ல சொல்லிடறேன்க்கா" என்றேன்.

"சொல்லி? ஒரு ஆள் போதாதுன்னு ரெண்டு பேரா? வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

தள்ளிவிட்டது நான், மாட்டிக்கொண்டது அவர்.

வக்கீலுக்கு எங்கும் போகவில்லை. அக்காவிடம் பழகிய ஒரு பெண் வக்கீலாக இருந்தாள். ரிவர்ஸ் எடுக்கப் பயந்து லைசென்ஸ் தேர்வில் நாலு தடவை தோற்றவள். கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"திருடப் போன இடத்துல விலாசம் எழுதி வெச்சுட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்க்கா."

"கண்ணாடியை உடைச்சுட்டுச் சொல்லாம வர்றதா?"

"சரி விடுங்க. ஃபீஸெல்லாம் எனக்கு வேண்டாம். ஆனா ஜாமீனுக்குக் கட்டணும், சோபாவுக்கு நஷ்டஈடு கேட்டிருக்காங்க, அதுக்கு டெபாசிட் கட்டணும். இன்னும் சின்னச் சின்னச் செலவு நிறைய இருக்கு."

"நீ நாலு தடவை ஃபெயிலானப்போ நான் ஃபீஸ் வாங்காம இருந்தேனா? உன் ஃபீஸையும் சேர்த்துச் சொல்லு."

சேர்த்துச் சொன்னாள். அக்கா வாசலில் நின்ற காரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன். விற்கத் துணிந்துவிட்டார்.

அன்றே அக்காவிடம் பழகிய ஐந்தாறு பேருக்குப் போன் செய்தேன். அவர்கள் ஆளுக்கு ஐந்தாறு பேருக்குச் சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து பணம் தருவதாகச் சொன்னபோது அக்கா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "கை நீட்டிப் பழக்கமில்லை. ஸ்டியரிங்ல வெச்ச கை அங்கேயே இருக்கட்டும்."

தானமாக வாங்க மாட்டார், கட்டணமாக வாங்குவார் அல்லவா? அடுத்த நாளிலிருந்து பழைய மாணவிகள் படையெடுத்தார்கள். ஓட்டி ரொம்ப நாளாச்சு, மறந்துபோச்சு, நாலு பாடம் எடுங்கக்கா என்று முன்பணத்தோடு வந்தார்கள். ஒருத்தி கியர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு நாள் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பழம் ஏற்றும் வேன் ஓட்டிப் பிழைக்கிற ஒரு பெண் வந்து, வளைவில் வேண்டுமென்றே எஞ்சினை அணைத்தாள். அக்கா பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார்.

"நீ நேத்து ராத்திரி மழையில மலைப்பாதை இறங்கி வந்தவ. யார் சொல்லிக்குடுத்து இந்த நாடகம்?"

அவள் என் பெயரைச் சொல்லிவிட்டாள். அக்கா நேரே என் கடைக்கு வந்து, பார்வை சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை பேருடி இருக்கீங்க?"

"எண்ணலைக்கா."

"சும்மா வாங்கினா எனக்கு ஒட்டாது. குடுக்கறவங்களுக்குக் கையில ஏதாவது மிஞ்சணும். சந்தோஷமாவது மிஞ்சணும். அப்படி ஏதாவது யோசி, ஒத்துக்கறேன்."

யோசித்தது அவர் கணவர். பேசாதவர் பேசினால் அப்படித்தான் இருக்கும். "அட்டைப்பெட்டி அடுக்கி ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு. தட்டினா அபராதம்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் டப்பாவைத் தேடப் போய்விட்டார்.

பழைய கிடங்கு ஒன்றின் பின்னால் அக்கா பாடம் எடுக்கிற வெற்றிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே காலி அட்டைப்பெட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் பாதை விட்டோம். பாதைக்குள் காரைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்த வேண்டும். நுழைவுக்கு ஒரு கட்டணம், சாய்க்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் அபராதம். இருபது முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். தெருமுனை வரை கார் நின்றது.

நன்றாக ஓட்டுகிறவர்களால் வழக்குக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்று சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பழ வேன்காரி ஒரு பெட்டியைக்கூடத் தொடாமல் கச்சிதமாக நிறுத்தினாள். கூட்டம் 'கஞ்சப்பிசினாறி' என்று கத்தியது. அவள் இறங்கி, தன் கையால் நாலு பெட்டியைத் தள்ளிவிட்டுப் பணம் கட்டினாள். வக்கீல் வந்தாள். யாரும் அவளை நடிக்கச் சொல்லவில்லை. ஒன்பது பெட்டி. இறங்கி, "இது இயற்கை" என்றாள். லைசென்ஸ் தேர்வு நடத்துகிற அதிகாரி ஒருவர் சாதாரண உடையில் வந்திருந்தார். என்னை இரண்டு முறை ஃபெயிலாக்கிய அதே மனிதர். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்ததில் ஆறு பெட்டியைச் சாய்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் கைதட்டியதில்லை.

உச்சிவெயிலுக்கு முன் ஒரு அம்மாள் வரிசையில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கார் இல்லை, நடந்து வந்திருந்தார்.

"எனக்கு ஓட்டவே தெரியாது. சேர்ந்துக்கலாமா?"

"தெரியாதவங்கதான் எங்களுக்கு வேணும். உக்காருங்க" என்றார் அக்கா.

அக்காவின் காரில், அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் ஓட்டினார். ஒரு வரிசை முழுதும் விழுந்தது. பிறகு, சமத்துவம் வேண்டுமல்லவா, மறு வரிசையும் விழுந்தது. ஒரு பெட்டி வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தது. அக்கா பிரேக்கை மிதிக்கவே இல்லை. அவருக்கும் சிரிப்பில் கால் நிற்கவில்லை. இறங்கியபோது அந்த அம்மாள் கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு இருமடங்காக அபராதம் கட்டிவிட்டு, "அந்தப் பூனையைப் பாக்கலாமா?" என்றார்.

பூனை மேசையடியில் கூடையில் இருந்தது. உடம்பு தேறி, கொழுகொழுவென்று ஆகியிருந்தது. வைத்த இடத்தைவிட்டு அசையாததால் ஹேண்ட்பிரேக் என்று பெயராகியிருந்தது. அந்த அம்மாள் குனிந்து அதன் நெற்றியைத் தடவினார்.

"கொல்லைப்பக்கத்து ஜன்னல்ல அந்தக் கீழ்ப்பட்டையைத் திறந்துவெச்சது நான்தான். மரவாடை போகட்டும்னு வெச்சேன்" என்றார்.

எங்களுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சோபாக் கடைக்காரரின் மனைவி.

அவரே தொடர்ந்தார். "அவர் கெட்ட மனுஷர் இல்லைம்மா. கோவத்துல ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. போன் பண்ணவே இல்லை, பொய் சொல்றாங்கன்னு சொல்லிட்டிருந்தார். கடைப் போன்ல யார் யார் கூப்பிட்டாங்கன்னு பதிவாகும். நேத்துதான் போய்ப் பாத்தேன். உங்க நம்பர்ல இருந்து பதினோரு தடவை." கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, தான் பிடித்த படத்தைக் காட்டினார். "வக்கீலம்மா யாரு? அவங்களுக்கு அனுப்பணும்."

"வீட்டுல பிரச்சினை வராதாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"வரும். இருபத்தெட்டு வருஷமா வர்றதுதானே."

அன்றைக்குச் சேர்ந்தது வழக்குக்குத் தேவையானதைவிட அதிகம். கார் பிழைத்தது. சாய்ந்த பெட்டிகளை எல்லோரும் சேர்ந்து மடித்து வைத்துவிட்டு, முட்டியில் மண்ணோடு வீட்டுக்குப் போனோம்.

கோர்ட் ஹாலில் நாற்பது பேர் உட்கார இடம் உண்டு. எங்கள் ஆட்கள் எழுபது பேர். கூண்டில் நின்ற அக்கா அமைதியாகத்தான் இருந்தார். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தும்போதெல்லாம் அக்காவின் வலது கால் தரையை மிதிப்பதை நான் பார்த்தேன். எங்கள் வக்கீலோ மேசை விளிம்பை இரண்டு கையாலும் ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் குரல் எழும்பவில்லை. அக்கா அவளைப் பார்த்து, 'மறுபடி கிளப்பு' என்று வாயசைத்தார். கிளம்பிவிட்டாள்.

பதினோரு அழைப்புகளின் படத்தைக் கொடுத்தாள். பிறகு சோபாக் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"திருட்டுப் போன பொருள் பூனைன்னு எழுதியிருக்கு. அந்தப் பூனை உங்களுதா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"உங்களுதுன்னா, அஞ்சு நாள் சோறு தண்ணி இல்லாம அதைப் பூட்டிவெச்சது யாருன்னு நான் கேட்கணும். உங்களுது இல்லைன்னா, இவங்க என்ன திருடினாங்கன்னு நீங்க சொல்லணும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லுங்க. ரொம்ப நேரம் மதில்மேல உக்கார முடியாது. பூனை உக்காரும், நீங்க உக்கார முடியாது" என்றார்.

முதலாளி கூட்டத்தில் தன் மனைவியைத் தேடினார். அந்த அம்மாள் எங்களோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடுங்கள் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார்.

"என்னுது இல்லைங்க" என்றார் முதலாளி. பிறகு அவராகவே சேர்த்துக்கொண்டார். "போன் பண்ணினது எனக்கு அப்போ தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா ஸ்டேஷனுக்குப் போயிருக்க மாட்டேன். அந்தம்மா எதையும் திருடலை."

திருட்டு அங்கேயே விழுந்தது. ஓர் உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் நுழைந்ததைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்றார் நீதிபதி. சோபாக்களைக் கெடுத்தது பூனை, அதன்மேல் வழக்கு எதுவும் தன்முன் இல்லை என்றார். உடைந்த பட்டைக்கு மட்டும் விலை கொடுக்கச் சொன்னார். அக்கா கூண்டிலிருந்தே கைப்பையைத் திறந்தார். பிறகு கட்டலாம், இறங்குங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வராந்தாவில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வக்கீல் என் தோளில் அழுதாள். லிஃப்ட் மெக்கானிக் தன் பழைய நகைச்சுவையைச் சொன்னார். முதல்முறையாக நாங்கள் உண்மையாகவே சிரித்தோம்.

போன வாரம் மத்தியானம் சோபாக் கடை முதலாளி சாலையைக் கடந்து என் கடைக்குள் வந்தார். இத்தனை வருடம் எதிரே இருந்தும் உள்ளே வந்ததில்லை. நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். மூன்றாவது வரியிலேயே திணறினார்.

"என் வீட்டுக்காரி லைசென்ஸ் எடுத்துட்டா, தெரியுமில்ல? முதல் தடவையிலேயே" என்றார், பலகையைப் பார்த்தபடி.

"தெரியும் சார். கொண்டாடினோமே."

"எனக்கு ஓட்டத் தெரியாது. இத்தனை காலம் வேன் டிரைவரை வெச்சே ஓட்டிட்டேன். இப்ப அவ பக்கத்துல உக்காந்து போறப்போ, எனக்கே தெரியாம கால் எதையோ மிதிக்குது." கொஞ்சம் தயங்கினார். "உங்க அக்கா என்னையெல்லாம் சேர்த்துப்பாங்களா?"

அவர் எதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் ஹாரன் குரைக்கிற சத்தம் கேட்டது.

"முதல்ல அவர் கண்ணை ஒழுங்காப் பாரு" என்றார் அக்கா. "கண்ணாடி போட்டுட்டு, திங்கட்கிழமை காலைல ஆறரைக்கு வரச் சொல்லு. செருப்பு வேண்டாம், ஷூ."